கோலத்தின் கணக்கு எந்த மொழியில்?

(இராசிபுரத்தில் தமிழன்பர்கள்முன் நிகழ்த்தப்பெற்ற உரை)



கணிப்பொறி என்றும் உயர்கணக்கு என்றும் சொன்ன அளவிலேயே தமிழர் பலர் உள்ளத்தில் ஒரு தயக்கம் எழுகின்றது. அவை மேலைநாட்டார் ஆக்கிய பொருள்கள் என்றும், ஆங்கிலம் கற்றார்க்கே வாய்க்கும் அறிவு என்றும், தமிழ் அவற்றின் வாயிலுக்கு வெளியே நிற்கவேண்டிய மொழி என்றும் இரண்டு மூன்று தலைமுறையாக ஓர் எண்ணம் ஊட்டப்பெற்றுள்ளது. பல்கலைக்கழகத்து ஆய்வு என்றாலோ அத்தயக்கம் அச்சமாகவே முற்றிவிடுகின்றது. ஆங்கிலத்தில் எழுதப்பெறாதது ஆய்வே ஆகாது என்பது இன்று கல்லூரிகளில் எழுதா நெறியாக நிற்கின்றது.

இவ்வெண்ணத்தைத் தகர்த்தற்கு அயல்நாடு சென்று சான்று தேட வேண்டுவதில்லை. இராசிபுரத்திலோ சுற்றுப்புற நெசவூர்களிலோ ஒரு வீட்டின் முன் நின்று பார்த்தால் போதும். வாயிலில் ஒரு கோலம். உள்ளே ஒரு தறி. தறியிலிருந்து கணிப்பொறியின் வரலாறு தொடங்குகின்றது. கோலத்திலிருந்து கணிப்பொறி அறிவியலில் ஒரு கிளை வளர்ந்தது. அக்கிளை வளர்ந்த இடம் தமிழ்நாடு. வளர்த்தவர் தமிழ்நாட்டு ஆசிரியர். ஆயினும் அதனை உலகுக்கு அறிவித்த கட்டுரைகள் ஆங்கிலத்தில் உள்ளன. கோலமிடும் பெண்ணின் மகள் அவற்றைப் படிக்க வேண்டுமாயின், தன் தாயின் மொழியை ஒருபுறம் வைத்துவிட்டே படிக்க வேண்டும். இந்நிலை எவ்வாறு வந்தது, எவ்வாறு மாறும் என்பதே இவ்வுரையின் பொருள்.

தறியின் இரண்டு எழுத்துகள்

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் பூவும் மாங்காயும் அன்னமும் எழுவது எவ்வாறு? பாவிழைகளுள் எவை மேலே எழவேண்டும், எவை கீழே நிற்கவேண்டும் என்பது ஒவ்வோர் ஊடைக்கும் முன்கூட்டியே உறுதியாதல் வேண்டும். முற்காலத்தே காஞ்சி நெசவாளர் 'அடை' என்னும் நூற்கட்டு முறையால் இதனைச் செய்தனர். பூவின் உருவம் முழுவதும் கட்டிய நூல்களில் அடங்கியிருந்தது. பின்னர்த் தறியின்மேல் அட்டைப்பெட்டி ஏறியது. கோவையாகத் தொங்கும் அட்டைகளில் துளைகள் உள்ளன. துளை இருக்குமிடத்தில் கொக்கி இழையைத் தூக்குகின்றது. துளையில்லா இடத்தில் இழை கீழே நிற்கின்றது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இவ்விரண்டே அத்தறியின் எழுத்துகள். இவ்விரண்டைக் கொண்டு எழுதவொண்ணாப் பூவேலை இல்லை.

அவ்வட்டைப் பொறியைச் செம்மைப்படுத்தி 1804இல் நிலைநாட்டியவர் பிரான்சு நாட்டு இலியோன் நகரைச் சேர்ந்த சக்கார் என்பவர். ஆங்கிலேயராகிய பாபேசு 1830களில் தாம் வகுத்த கணிப்பெருபொறிக்கு இதே துளையட்டைகளைக் கடன்கொண்டார். அப்பொறியைப் பற்றி 1843இல் விளக்கம் எழுதிய ஏடா இலவ்லேசு அம்மையார், தறி பூவை நெய்வதுபோல் அப்பொறி கணக்கை நெய்யவல்லது என்று கண்டார். அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பைத் துளையட்டை கொண்டு எண்ணி முடித்தவர் ஆலரித்து. அதன்பின் நெடுங்காலம் கணிப்பொறிகள் துளையட்டையைத் தின்றே வளர்ந்தன. இன்று அட்டை போயிற்று. உண்டு, இல்லை என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் போகவில்லை. ஒன்றும் சுழியுமாக அவையே ஒவ்வொரு கைப்பேசிக்குள்ளும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இராசிபுரத்து நெசவாளர் ஒருவர்க்குக் கணிப்பொறியின் அடிப்படையை விளக்க எத்துணை நேரம் வேண்டும்? தம் தறியின் அட்டையைக் கையில் எடுத்துக் காட்டினால் அரைநாழிகை போதும். ஆனால் அது தமிழில் விளக்கப்பட வேண்டும். ஆங்கிலப் பாடநூல் ஒன்றின் வழியாக அவர் மகனுக்கு விளக்கப் புகுந்தால், மூன்றாண்டுப் படிப்பின் முடிவிலும் அவன் தறிக்கும் கணிப்பொறிக்கும் உள்ள உறவை உணராமலே பட்டம் பெற்று வெளியேறுவான். அறிவு வீட்டிலேயே இருக்க, அதனைக் காணவொட்டாமல் கண்ணைக் கட்டிவிடும் கல்வி இது.

தாம்பரத்தில் எழுந்த வினா

தறியைப் பார்த்து வினா எழுப்பியவர் மேலைநாட்டார். ஆகலின் விடையும் அவர்க்கே உரியதாயிற்று. கோலத்தைப் பார்த்து வினா எழுப்பியவரோ சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ஆசிரியர்கள். தனித்தமிழ் இயக்கத்தார்க்கு அக்கல்லூரி அயலன்று. மறைமலையடிகள் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராகப் பணியாற்றியது அங்கேதான். பின்னர் அவர் பல்லாவரத்தில் குடியேறி, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். கல்லூரி 1937இல் பல்லாவரத்துக்கு அண்மையிலுள்ள தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது.

அத்தாம்பரத்துக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக விளங்கியவர் கிப்ட் சிரோமணி. அவர்தம் துணைவியார் இராணி சிரோமணி அதே கல்லூரியில் கணக்கியல் பேராசிரியர். இவர்களோடு சேர்ந்து ஆய்ந்தவர் கமலா கிருத்திவாசன். பின்னாளில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கணிப்பொறி அறிவியல் பேராசிரியராக விளங்கியவர். 1972, 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் இம்மூவரும் வெளியிட்ட கட்டுரைகள் உருவங்களுக்கு இலக்கணம் வகுத்தன. 1974ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றது.

உருவத்திற்கு இலக்கணம் என்பது யாது? தமிழர்க்கு இதனை விளக்குவது எளிது. தொடர் என்பது எழுவாயும் பயனிலையும் கொண்டது. எழுவாய் என்பது ஒரு பெயர். பயனிலை என்பது ஒரு வினை. இங்ஙனம் ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பெய்துகொண்டே சென்றால், சில நெறிகளிலிருந்து எண்ணிறந்த தொடர்கள் பிறக்கும். அமெரிக்க மொழியறிஞர் சாம்சுகி 1956இல் இத்தகைய நெறிக்கூட்டங்களை அவற்றின் ஆற்றல் நோக்கி வகைப்படுத்தினார். கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகள் பல இவ்வகைப்பாட்டின்மேல் எழுந்தன. ஆயின் சொற்றொடர் ஒரே திசையில் ஓடுவது. கோலமோ நான்கு திசையிலும் விரிவது. ஒருதிசை இலக்கணத்தால் இருதிசை உருவத்தை எவ்வாறு அளப்பது? இதுவே தாம்பரத்தில் எழுந்த வினா.

அவர்கள் கண்ட விடைகளுள் ஒன்றை நெசவு கொண்டே சொல்லலாம். முதற்கண் ஒரு வரிசையை ஆக்குக. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று வேண்டிய அகலத்திற்கு அது நீளட்டும். அடுத்து, அவ்வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் தனக்குக் கீழே வளரட்டும். எல்லாம் ஒரே வேளையில், ஒரே அளவாக. சிவப்பின்கீழ்ச் சிவப்பும் பச்சையின்கீழ்ப் பச்சையும் வருமாறு நெறி வகுத்தால் பட்டைக்கோடு இட்ட துணி பிறக்கின்றது. சிவப்பின்கீழ்ப் பச்சையும் பச்சையின்கீழ்ச் சிவப்பும் மாறிமாறி வருமாறு வகுத்தால் கட்டம் இட்ட துணி பிறக்கின்றது. நெறிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றால் பிறக்கும் துணிகளின் அளவிற்கோ எல்லையில்லை. இம்முறை இன்றும் அப்பேராசிரியர் பெயராலேயே உலகெங்கும் கணிப்பொறி அறிஞரால் வழங்கப்படுகின்றது.

கோலத்திற்குள் அமைந்த கணக்கு

கணக்கியல் என்றால் வரவுசெலவு எழுதுவது மட்டும் என்று எண்ணற்க. மார்கழி விடியலில் பெண்கள் கைவிரலால் செய்வதும் கணக்கியலே.

நேர்ப்புள்ளிக் கோலத்தில் 'ஐந்து புள்ளி, ஒன்று வரை' என்பார்கள். நடுவரிசையில் ஐந்து; மேலும் கீழும் மூன்று, மூன்று; முனைகளில் ஒன்று, ஒன்று. கூட்டினால் 13. இது மூன்றின் இருமடியாகிய 9உம் இரண்டின் இருமடியாகிய 4உம் சேர்ந்த தொகை. நடுவரிசை ஏழானால் 25. அது 16உம் 9உம் சேர்ந்தது. நடுவரிசை 19 ஆனால் ஒவ்வொன்றாக எண்ண வேண்டுவதில்லை. 100உம் 81உம் சேர்ந்து 181 புள்ளி. ஒரு புள்ளியைச் சுற்றி மாவின் வழியே இந்நெறி விரிவதைச் சிறுமியர் கண்ணால் அறிவர். அதனைச் சொல்லால் அறிவித்தலே கல்வியின் கடமை.

இன்னொன்று காண்க. புள்ளிகளைச் செவ்வகமாக இட்டு, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோரிடத்தும் கம்பி குறுக்கிட்டுச் செல்லுமாறு சிக்குக் கோலம் வரைக. கையெடுக்காமல் ஒரே கம்பியால் அது முடியுமா, இரண்டு மூன்று கம்பிகள் வேண்டுமா? இதனை வரைந்து பார்த்தே அறிய வேண்டும் என்பதில்லை. நீளத்துப் புள்ளியெண்ணுக்கும் அகலத்துப் புள்ளியெண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுவகுத்தி எத்துணையோ அத்துணைக் கம்பி. மூன்றுக்கு நான்கு என்றால் பொதுவகுத்தி 1, ஒரே கம்பி. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு கம்பி. ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று கம்பி. கூட்டம் கலைந்ததும் வீட்டுக்குச் சென்று எவரும் மாவெடுத்து ஆய்ந்து பார்க்கலாம். பள்ளியில் பொதுவகுத்தியைச் சுவையற்ற கணக்காக மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, அஃது அவள் பாட்டியின் கைவிரலில் ஓடுகின்றது என்று யாரேனும் சொன்னதுண்டா?

மீண்டு வாராத விடை

தாம்பரத்தில் எழுந்த வினாவும் அதன் விடையும் உலகம் சுற்றின. செடிகொடிகளின் வளர்ச்சிக்குக் கணக்கு வகுக்க அங்கேரி நாட்டு உயிரியலறிஞர் இலிண்டன்மேயர் 1968இல் ஒரு நெறிமுறை கண்டார். கனடா நாட்டில் அதனைக் கணிப்பொறியில் ஏற்றி ஆய்ந்த பிரூசின்கீவிச்சு என்பார் 1980களில் அதே முறையால் தமிழ்நாட்டுக் கோலங்களை வரைந்து காட்டினார். அமெரிக்கக் கணக்கியலறிஞர் மார்சியா ஆசர் 2002இல் கோலத்தைப் பற்றித் தம் நாட்டு அறிவியல் இதழொன்றில் விரிவாக எழுதினார். கோலத்தின் கணக்கு கனடாவுக்குப் போயிற்று, அமெரிக்காவுக்குப் போயிற்று. இராசிபுரத்திற்கு மட்டும் வந்துசேரவில்லை.

இதில் அப்பேராசிரியர்கள்மேல் குறை சொல்வதற்கு இடமில்லை. கிப்ட் சிரோமணி தமிழைப் புறக்கணித்தவர் அல்லர். பழந்தமிழ் எழுத்துகளையும் மாமல்லபுரத்துச் சிற்ப அளவுகளையும் ஆராய்ந்தவர், 1980இல் திருக்குறளைப் பண்டை எழுத்துவடிவங்களில் வெளியிட்டவர்களுள் ஒருவர், 1988இல் மறைந்தார். இராணி சிரோமணியார் 2019இல் மறைந்தார். அவர்கள் நல்வினாவை எழுப்பினர். நன்முறையில் விடை கண்டனர். அவ்விடையைத் தமிழில் எழுதினால் மதிப்பில்லை, பட்டமில்லை, பதவியில்லை என்று வைத்திருந்த அமைப்பே குற்றவாளி. அவ்வமைப்பு இன்றும் அசையவில்லை.

1978ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று இந்நிலையைத் தெளிவாகக் காட்டும். அவ்வாண்டில் கிப்ட் சிரோமணியும் உடனாய்வாளர் இருவரும் அச்சிட்ட தமிழெழுத்தைக் கணிப்பொறி தானே அறியும் முறையொன்றை வெளியிட்டனர். எழுத்தைச் சிறுகட்டங்களாகப் பகுத்து, கிடையாகவும் நெடுக்காகவும் துருவி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறிக்கோவை அமைத்து, முன்னரே தொகுத்து வைத்த அகரமுதலியோடு ஒப்பிட்டு, இஃது இன்ன எழுத்தென்று பொறி கண்டது. எத்துணைப் பெரிய செயல்! ஆனால் கண்டறிந்த தமிழெழுத்தை அப்பொறி எவ்வாறு அச்சிட்டது? உரோமன் எழுத்தில்! நெடிலையும் வல்லொலியையும் காட்ட எழுத்தின்மேல் எண்களை இட்டு, உரோமன் எழுத்தில் அச்சிட்டது. தமிழைப் படிக்கக் கற்ற பொறிக்குத் தமிழை எழுத வாயில்லை. தமிழ்நாட்டு அறிவியலின் அரைநூற்றாண்டு வரலாறு இவ்வொரு செய்தியில் அடங்கிவிடுகின்றது. தமிழ்ப்பொருள் உள்ளே செல்கின்றது; அயலெழுத்து வெளியே வருகின்றது.

மூன்றா, ஐந்தா?

அது பழங்கதை, இன்று கணிப்பொறியில் தமிழெழுத்து வந்துவிட்டதே என்பார் உளர். வந்துவிட்டது; மகிழ்ச்சியே. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக விசைப்பலகை ஒன்று வரையறுக்கப்பட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்ந்த தமிழர்கள் தம் சொந்த முயற்சியால் தமிழெழுத்தைக் கணிப்பொறியில் ஏற்றினர். அவர்க்குத் தமிழினம் கடன்பட்டுள்ளது.

ஆயினும் ஒன்று கேட்க. தமிழ் என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? முதல் வகுப்புப் பிள்ளையும் மூன்று என்று சொல்லும். ஒருங்குறி முறையில் எழுதப்பெற்ற அச்சொல்லைக் கணிப்பொறியின் உள்ளிருப்பில் எண்ணினால் ஐந்து என்று வரும். தகரம் ஒன்று, மகரம் ஒன்று, இகரக் கொக்கி ஒன்று, ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. தமிழிலக்கணப்படி மெய்யே அடி. உயிரேறி உயிர்மெய் ஆகின்றது. ஒருங்குறியிலோ அகரமேறிய உயிர்மெய் அடியாகவும், மெய் என்பது அதன்மேல் புள்ளி ஒட்டிய வடிவாகவும் தலைகீழாக நிற்கின்றன. கரணியம் யாது? இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவென நடுவண் அரசு சார்பில் வகுக்கப்பெற்ற குறிமுறையை ஒட்டியே 1991இல் ஒருங்குறியில் தமிழுக்கு 128 இடங்கள் வரையப்பட்டன. அப்பொதுமுறை நாகரி எழுத்தின் போக்கைத் தழுவியது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரிடம் தரும் முறையைத் தமிழ்நாட்டரசு 2010இல் ஏற்று ஆணையிட்டது. அதற்குள் உலகம் ஒருங்குறியில் நெடுந்தொலைவு சென்றுவிட்டது. வினாவைப் பிறர் எழுப்பி, விடையையும் பிறர் எழுதி முடித்தபின் திருத்தம் கேட்பவன் நிலை இதுதான்.

இன்று எழுதப்பெற்ற நூல்களைப் படித்துத் தாமே மொழி கற்கும் பொறிகள் வந்துள்ளன. எந்த மொழியில் எது எழுதப்பட்டுள்ளதோ அதனையே அவை அம்மொழியில் பேசும். தமிழில் பாட்டும் கதையும் மேடைப்பேச்சும் மட்டும் எழுதி வைத்தால், பாட்டும் கதையும் மேடைப்பேச்சுமே அவை தமிழில் அறியும். கணக்கும் பொறியியலும் மருத்துவமும் தமிழில் எழுதப்படவில்லையெனில், நாளை அவற்றைக் கேட்கும் தமிழ்ப்பிள்ளைக்குப் பொறியும் ஆங்கிலத்தையே கைகாட்டும். எழுதாக் குறையைப் பொறி ஈடுசெய்யாது.

பின்னியரும் சப்பானியரும்

ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் பின்னியர் சற்றேறக்குறைய ஐம்பத்தைந்து இலக்கம் பேர்; தமிழரில் பத்தில் ஒரு பங்கும் இலர். அவர்கள் மொழியும் தமிழைப்போல் ஈறுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் செல்லும் மொழி. 'தலோ' என்றால் வீடு. 'தலோசா' என்றால் வீட்டில். 'தலோசானி' என்றால் என் வீட்டில். ஆங்கிலத்திற்கென வகுத்த கணிப்பொறி முறைகள் இத்தகைய சொற்களைப் பிரிக்கமாட்டாமல் தடுமாறின. 'எம் மொழி கணிப்பொறிக்கு ஏலாது' என்று பின்னியர் ஒதுங்கவில்லை. எல்சிங்கிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கோசுகென்னியெமி 1983இல் தம் முனைவர்ப்பட்ட ஆய்வில், சொல்லின் அடிநிலை வடிவையும் வெளிநிலை வடிவையும் இணையாக நிறுத்தி, இரண்டுக்கும் இடையே நெறிகளை அமைக்கும் ஒரு முறையைக் கண்டார். அம்முறை பின்னர் உலகமொழிகள் பலவற்றிற்குப் பயன்பட்டது.

தமிழ்ப் புலவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. வீடு என்பது நிலைமொழி; இல் என்பது உருபு; இரண்டும் புணர்ந்தால் ஒற்று இரட்டித்து 'வீட்டில்' ஆகின்றது. நிலைமொழி ஒன்று, புணர்ந்த வடிவு ஒன்று, இடையே நெறி ஒன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் புணரியலும் குற்றியலுகரப் புணரியலும் இவ்வேலையைத்தான் செய்கின்றன. தொல்காப்பியர் கணிப்பொறி கண்டார் என்று கூறுவது வெறும் மிகையுரை. அது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. புணரியல் கற்ற ஒருவன் கணக்கியலும் கற்றிருந்தால், கோசுகென்னியெமி கண்டதைத் தமிழ்நாட்டில் ஒருவன் கண்டிருக்கலாம் என்பதே எண்ணிப் பார்க்கத்தக்கது. புணரியல் கற்பவனைக் கணக்கிலிருந்தும், கணக்குக் கற்பவனைப் புணரியலிலிருந்தும் பிரித்து வைத்த சுவர் ஆங்கிலவழிக் கல்வியே.

உலகோடு பேச ஆங்கிலம் வேண்டாவா என்பர். வேண்டும். சப்பானியக் கணக்கியல் அறிஞர் தகாகி தெய்சி 1920இல் தம் பெருங்கண்டுபிடிப்பைச் செருமன் மொழியில் எழுதி உலகறியச் செய்தார். அவரே 1938இல் தம் நாட்டு மாணவர்க்கு உயர்கணக்குப் பாடநூலைச் சப்பானிய மொழியில் எழுதினார். அந்நூல் தலைமுறை தலைமுறையாக அங்கே பயிலப்பட்டு வருகின்றது. வெளியார்க்கு ஒரு மொழி, வீட்டார்க்குத் தாய்மொழி. தமிழறிஞர் இவ்விரண்டில் முன்னதைச் செய்தனர். பின்னதைச் செய்யாது விட்டனர்.

கலைச்சொல் இல்லை என்னும் பொய்

தமிழில் கலைச்சொல் இல்லை என்னும் கூற்று அடுத்து வரும். இராசிபுரம் 1997 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அச்சேலத்தில்தான் 1916இல், அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்குவதற்கென இராசாசி முதலானோர் ஒரு மன்றம் கண்டனர். அதன் பெயர் தமிழ்ச் சாத்திர பரிபாசைச் சங்கம்! தமிழ்ச்சொல் ஆக்கவந்த மன்றத்திற்குத் தன் பெயரையே தமிழில் ஆக்க இயலவில்லை. அதே சேலத்தில் நகராண்மைக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் கற்பித்தவர் மொழிஞாயிறு பாவாணர். அவரிடம் பயின்றவர், சேலம் மாவட்டத்துச் சமுத்திரம் என்னும் ஊரிற் பிறந்த பாவலரேறு பெருஞ்சித்திரனார். வேர்ச்சொல் கண்டு புதுச்சொல் ஆக்கும் வழியை அவர்கள் காட்டிச் சென்றனர். கணிப்பொறி, மென்பொருள், வன்பொருள், இணையம், நிரல், தரவு என்பன இன்று பள்ளிப்பிள்ளைகள் வாயில் இயல்பாக வழங்குகின்றன. ஆகலின் சொல் இல்லை என்பது பொய்.

மெய்யான குறை வேறு. சொற்பட்டியல் ஆய்வைப் பெற்றெடுக்காது. ஆய்வே சொல்லைப் பெற்றெடுக்கும். நெசவாளர் பாவு, ஊடை, பண்ணை, அச்சு, விழுது என்னும் சொற்களைக் குழுக்கூட்டி ஆக்கவில்லை. நெய்தனர், சொல் பிறந்தது. கோலமிட்ட பெண்கள் புள்ளி, இடைப்புள்ளி, நேர்ப்புள்ளி, கம்பி, சிக்கு என்னும் சொற்களை அகரமுதலி பார்த்து எடுக்கவில்லை. இட்டனர், சொல் பிறந்தது. தமிழில் கணக்கியல் ஆய்வு நடக்குமாயின் கணக்கியற் சொல்லும் அவ்வாறே பிறக்கும். நூறு கலைச்சொல் அகராதிகள் அலமாரியில் உறங்குவதைவிட, தமிழில் எழுதப்பெற்ற ஓர் ஆய்வேடு மொழிக்கு மிகுதியாக ஊட்டம் தரும்.

செய்ய வேண்டுவன

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அவ்விரண்டில் கணிப்பொறியியல் இல்லை. தொடங்கிய தமிழ்வழிக்கும் வேலைவாய்ப்பு உறுதியோ நூல்வளமோ போதிய அளவு தரப்படவில்லை. விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாமல், இந்நிலத்தில் விளையாது என்று முடிவுகட்டுவதுபோன்ற செயல் அது.

ஆகலின் கேட்க வேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்டல் வேண்டும். முதலாவது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கணக்கியலிலும் கணிப்பொறியியலிலும் முனைவர்ப்பட்டத்திற்குத் தரப்பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டோடும், கல்லூரி மாணவன் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க தமிழ்ச்சுருக்கம் ஒன்று கட்டாயம் இணைக்கப்படல் வேண்டும். ஒரு பக்கச் சடங்காக அஃது அமைதல் கூடாது. முப்பது நாற்பது பக்கம் கொண்ட முழுவிளக்கமாதல் வேண்டும். சேலத்தில் 1997இல் தோன்றிய பெரியார் பல்கலைக்கழகம் தன் பெயருக்கேற்ப இதில் முந்திக்கொள்ளலாம். இரண்டாவது, தாம்பரத்து ஆய்வுக் கட்டுரைகளும், அவைபோன்று தமிழ்மண் எழுப்பிய வினாக்களுக்கு விடைகண்ட பிற கட்டுரைகளும் தமிழில் பெயர்க்கப்பட்டுக் குறைந்த விலையில் வெளிவருதல் வேண்டும். மூன்றாவது, தமிழில் எழுதிய கணக்கியற் கட்டுரைக்கு ஆசிரியர் பதவி உயர்வில் ஆங்கிலக் கட்டுரைக்கு நிகரான மதிப்பளித்தல் வேண்டும். மதிப்பில்லாத வேலையை எத்தனை பேர் எத்தனை நாள் செய்வர்?

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. இராசிபுரத்தில் திருவள்ளுவர் பெயரால் ஓர் அரசு கலைக் கல்லூரி உள்ளது. அங்குக் கணக்குப் பயிலும் மாணவர்கள் விடுமுறை நாளில் தம் தெருக் கோலங்களைப் படியெடுக்கட்டும். புள்ளி எத்தனை, கம்பி எத்தனை, எந்நெறியால் விரிகின்றது என்று தமிழில் எழுதட்டும். தறியறிந்த முதியவரிடம் சென்று அட்டை வெட்டும் முறையையும் உறுப்புகளின் பெயரையும் கேட்டுத் தொகுக்கட்டும். விசைத்தறியும் கணிப்பொறி வரைவும் வந்தபின் அட்டை வெட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒட்டுக்கோலத் தாள்கள் வந்தபின் சிக்குக் கோலம் அறிந்த விரல்களும் குறைந்து வருகின்றன. அக்கைகளோடு சொற்களும் மறையும். சொற்கள் மறைந்தபின் அவை எழுப்பக்கூடிய வினாக்களும் மறையும்.

பெருமக்களே! தமிழின் தொன்மையைப் போற்றுதல் வேண்டும். அதனினும் இன்றியமையாதது, நாளைய அறிவு தமிழில் பிறத்தல். புதிய வினா எழாத மொழி நினைவுச்சின்னமாக நிற்கும். எல்லாரும் வணங்குவர், எவரும் வாழ்வதற்கு அதனுள் புகார். தமிழ்மகள் இட்ட கோலத்திலிருந்து உலகம் கணக்குக் கற்றுக்கொண்டது. அக்கணக்கை அம்மகளின் கையிலேயே, அவள் மொழியிலேயே திருப்பிக் கொடுத்தல் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பட்ட கடன். கடனைக் கேட்பது இரத்தல் ஆகாது. உரிமையோடு கேட்டல் வேண்டும். கொடுக்கும் வரை கேட்டல் வேண்டும்.

தமிழில் வினவுக! தமிழில் ஆய்க! தமிழில் எழுதுக!

வெல்க தமிழ்!